ஓட்டு வீட்டில் சோலார்: காற்றுக்கு அசையாமல், மழைக்கு ஒழுகாமல்

காவிரி டெல்டாவில் சோலார் பேனல் இப்போது யாருக்கும் புதிதில்லை. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தை அறிவித்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 என்று மானியம். அதற்குப் பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் மாடி வீடுகளின் மேல் பேனல்கள் தெரிகின்றன.

ஓட்டு வீட்டுக்காரர்கள் போய் விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கிறது. ஒன்று, "ஓட்டு வீட்டுக்கு நாங்க போடறதில்லை சார்." இன்னொன்று, "தாராளமா போடலாம் சார். ஓட்டைத் துளைச்சு போல்ட் இறக்கி சிலிக்கான் அடைச்சுடுவோம், ஒண்ணும் ஆகாது." முதல் பதிலில் நஷ்டமில்லை. இரண்டாவதை நம்பினால் இரண்டு மூன்று ஐப்பசிக்குள் கூடத்தில் குண்டான் வைக்க வேண்டி வரும்.

ஓட்டுக் கூரையில் பேனலை உறுதியாகவும் ஒழுகாமலும் வைக்க முடியும். ஸ்லேட் கல்லாலும் சுட்ட ஓட்டாலும் கூரை வேயும் ஐரோப்பிய நாடுகளில் இது பல வருடங்களாக நடக்கிற வேலை. பேனலின் பாரத்தையும் காற்றின் இழுப்பையும் மரச்சட்டம் தாங்க வேண்டும், தண்ணீரை ஓடு கடத்திவிட வேண்டும், ஓட்டின் மேல் பாரம் விழவே கூடாது. அந்த முறை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் நம் பக்கத்து ஓட்டு வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. சிலவற்றில் இதைச் செய்யலாம், சிலவற்றில் செய்யவே கூடாது. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் ஆளைக் கூப்பிடுவதில்தான் தொந்தரவு ஆரம்பிக்கிறது.

ஓடு தண்ணீரை எப்படிக் கையாளுகிறது

கான்கிரீட் தளம் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஓடு தடுப்பதில்லை, கைமாற்றி விடுகிறது. மேல் வரிசை ஓட்டில் விழுந்த தண்ணீர் கீழ் வரிசைக்கு இறங்கி, அங்கிருந்து அதற்கடுத்த வரிசைக்கு என்று கூரையின் கீழ்விளிம்பான இறவாணம் வரை போய் விழுகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் அந்த மூடுதான் காப்பு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே பசையோ சிமெண்டோ கிடையாது. இடுக்கு வழியாக வீட்டுக்குள் காற்றுகூட வரும், மழை மட்டும் வராது.

ஸ்லேட் கூரையில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிப் பழகிய சிலேட்டுக் கல்லைத் தகடு தகடாகப் பிளந்து கூரைக்குப் போடுகிறார்கள். வேல்ஸின் வடமேற்கு மலைகளில் வெட்டிய ஸ்லேட் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் பல நகரங்களுக்குக் கூரையாகப் போனது. அந்தக் குவாரிப் பகுதிகளை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் இமாச்சலத்தின் காங்கரா பள்ளத்தாக்கில் ஸ்லேட் வேய்ந்த வீடுகள் உண்டு. ஒவ்வொரு கல்லும் சில மில்லிமீட்டர் கனம்தான். அதைத் துளைத்து, சட்டங்களுக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய கட்டையான ரீப்பரில் ஆணி அடிக்கிறார்கள். அப்படியென்றால் ஆயிரக்கணக்கான துளைகள் இருக்குமே, ஏன் ஒழுகவில்லை? ஒவ்வொரு துளையின் மேலும் அடுத்த வரிசைக் கல் வந்து மூடியிருக்கிறது. கூரையின் எந்த இடத்தை எடுத்தாலும் குறைந்தது இரண்டு அடுக்கு கல் இருக்கும். துளை இருக்கிறது, ஆனால் மழை அதன் மேல் நேராக விழுவதே இல்லை.

பேனல் பொருத்தும்போதும் அங்கே இதே நியாயம்தான். தேவையான இடத்தில் சில கற்களைக் கழற்றி, அடியில் இருக்கும் சட்டத்தில் உலோகக் கொக்கியைத் திருகுகிறார்கள். கொக்கி வெளியே வரும் இடத்தில் ஈயத்தகடோ அலுமினியத் தகடோ வைக்கிறார்கள். தகட்டின் மேல்விளிம்பு மேல் வரிசைக் கல்லுக்கு அடியில் போகும், கீழ்விளிம்பு கீழ் வரிசைக் கல்லின் மேல் படியும். ஆக, தகடும் வரிசையில் ஒரு ஓடாகவே ஆகிவிடுகிறது. வெளியில் பசை பூசுவதை அங்கே நல்ல வேலைக்காரர்கள் நம்புவதில்லை.

நாமும் நம்பக் கூடாது. சித்திரை வெயிலில் ஓட்டின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும். திடீரென்று ஒரு கோடைமழை அடித்தால் சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். இரும்பு போல்ட் ஒரு அளவில் விரிந்து சுருங்கும், மண் ஓடு வேறொரு அளவில். நடுவில் இருக்கும் சிலிக்கான் இரண்டுக்கும் ஈடுகொடுத்து இழுபட வேண்டும். அது ஒட்டியிருப்பதோ தூசியும் பாசியும் படிந்த, தண்ணீர் உறிஞ்சும் மண்பரப்பில். சில கோடைகளில் ஓரம் விடும். மயிரிழை இடைவெளி போதும், தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டு உள்ளே ஏறிவிடும். போதாததற்கு, டிரில்லிங் மெஷினின் அதிர்ச்சியில் ஓட்டில் விழுந்த விரிசல் அப்போது கண்ணுக்குத் தெரியாது, ஒரு மழைக்காலம் கழித்து ஓடு இரண்டாகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. துளை இருக்கும் இடத்துக்கு நேர் கீழே தண்ணீர் சொட்டாது. உள்ளே வந்த நீர் ரீப்பரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடி, சட்டத்தில் இறங்கி, நாலைந்து அடி தள்ளிச் சொட்டும். சொட்டும் இடத்துக்கு மேலே உள்ள ஓட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒழுகல் நிற்காது. அதற்குள் ரீப்பர் ஊறி இற்றுப்போயிருக்கும்.

நம் பக்கத்துக் கூரைகள்

டெல்டாவில் ஓட்டு வீடு என்றால் பொதுவாக இரண்டு வகை. சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓடு வேய்ந்தவை ஒரு வகை. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து பரவிய ஓடு அது. தட்டையான ஓடு, ஓரங்களில் வரிப்பள்ளம், ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் விளிம்பு உட்கார்ந்து கோத்துக்கொள்ளும். சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு பிடிக்கும்.

இரண்டாவது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் வனைந்து பிளந்த அரைவட்ட ஓடு. மூங்கில் பிளாச்சின் மேலோ நெருக்கமாக அடித்த ரீப்பரின் மேலோ இரண்டு மூன்று அடுக்காகச் சும்மா அடுக்கியிருப்பார்கள். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அமைப்பு எதுவும் இல்லை, தன் கனத்தால் கிடக்கிறது, அவ்வளவுதான்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீமை ஓட்டுக் கூரையில், மரம் நன்றாக இருந்தால், பேனல் வைக்கலாம். நாட்டு ஓட்டின் மேல் வைக்க வேண்டாம். யார் என்ன உத்தரவாதம் கொடுத்தாலும் வேண்டாம். அந்த ஓடு ஆள் நடந்தாலே நகரும், அணில் ஓடினால் நகரும். கொக்கியை வெளியே கொண்டுவர நிலையான இடுக்கே அதில் கிடையாது. வருடா வருடம் ஓடு மாற்ற வேண்டிய கூரையின் மேல் 25 வருடம் இருக்கப்போகிற பொருளை எப்படி வைப்பது? நாட்டு ஓட்டு வீடுகளுக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஓட்டுக்கு அடியில் இருக்கும் மரம்தான் அடுத்த கேள்வி. பழைய வீடுகளில் உத்திரமும் சட்டமும் தேக்காக இருந்தால் கவலையில்லை. கிராமத்து வீடுகளில் பல இடங்களில் பனைமரத்தைப் பிளந்த பனங்கையைச் சட்டமாகப் போட்டிருப்பார்கள். பனைமரத்தின் வெளிப்புறம் கருப்பாக இரும்பு மாதிரி இருக்கும், உள்ளே போகப் போக நார்ச்சோறுதான். ஸ்க்ரூ அந்தச் சோற்றில் இறங்கினால் முதலில் இறுக்கமாகத்தான் தெரியும், காற்றில் நாலு தடவை இழுபட்டால் கையோடு வந்துவிடும். பனங்கைக்கு ஸ்க்ரூ கூடாது. இரும்புப் பட்டையால் சுற்றி வளைத்துப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அல்லது இரண்டு பனங்கைகளுக்குக் குறுக்கே நல்ல மரக்கட்டை ஒன்றைப் பட்டை போட்டுக் கட்டி, கொக்கியை அந்தக் கட்டையில் பொருத்த வேண்டும்.

தேக்காக இருந்தாலும் சுவரில் உட்காரும் முனையையும் இறவாணத்துப் பக்க முனையையும் தட்டிப் பார்க்காமல் விடக் கூடாது. கரையானும் ஈரமும் முதலில் அங்கேதான் வேலையைக் காட்டும். கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். நுனி மட்டும் இறங்கினால் சரி, அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டுத்தான் சோலாரைப் பற்றிப் பேச வேண்டும். பேனலும் அதைத் தாங்கும் அலுமினிய ரெயிலும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ. சீமை ஓடு மட்டுமே அந்தப் பரப்பில் 40 கிலோ அளவுக்கு இருக்கும். நல்ல மரத்துக்குக் கூடுதல் கனம் பெரிய சுமையில்லை. பயப்பட வேண்டியது கீழே அழுத்தும் கனத்துக்கு அல்ல, மேலே இழுக்கும் காற்றுக்கு.

திசையில் நமக்கு ஒரு வசதி அமைந்திருக்கிறது. அக்கிரகாரத் தெருக்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அதனால் வீட்டின் இரண்டு பெரிய சரிவுகள் வடக்கும் தெற்கும் பார்க்கும். வடக்குச் சிறகு, அதாவது தெருவின் வடக்கு வரிசை வீடுகளுக்குத் தெருப்பக்கச் சரிவு தெற்கு பார்க்கிறது, தெற்குச் சிறகு வீடுகளுக்குக் கொல்லைப்பக்கச் சரிவு. தென்சரிவு கிடைத்தால் அதுவே நல்லது. தஞ்சாவூர் கிட்டத்தட்ட 10.8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கும். ஆகவே கிழக்கு மேற்குச் சரிவுகளும் மோசமில்லை. செங்குத்தான வடசரிவில்தான் மார்கழி, தை மாதங்களில் உற்பத்தி நன்றாகக் குறையும்.

காற்றின் கணக்கு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் லட்சக்கணக்கான தென்னை சாய்ந்தது, ஓட்டுக் கூரைகள் பிரிந்து கிடந்தன. அதைப் பார்த்தவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை எண்ணாகப் பார்த்தால் நாலு கொக்கி போதுமா, ஆறு வேண்டுமா என்று பேச முடியும்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். 120 கிலோமீட்டர் வேகத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிலோ. இப்போது பரவலாகப் போடுகிற 540 வாட் பேனல் சுமார் 2.6 சதுர மீட்டர் பரப்பு, 28 கிலோ எடை. அந்தப் பேனல் மேல் விழக்கூடிய விசை 175 கிலோவைத் தாண்டுகிறது.

கட்டடங்களுக்கான காற்றுச் சுமை பற்றிய இந்தியத் தரநிலை, ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, திருச்சிக்கு விநாடிக்கு 47 மீட்டரையும் புதுச்சேரிக்கு 50 மீட்டரையும் அடிப்படை வேகமாகக் கொடுக்கிறது. 47 மீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 169 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு பேனலுக்கு 350 கிலோ அளவுக்கு வரும். கட்டடத்தின் உயரம், சுற்றுப்புறம், கூரைச் சாய்வு எல்லாவற்றையும் வைத்து இந்த எண் மாறும். சரிவின் நடுப்பகுதியில் குறையும். முகட்டை ஒட்டியும் இறவாணத்தை ஒட்டியும் பக்க ஓரங்களிலும் கூடும். ஏனென்றால் காற்று ஓரத்தில் மோதிச் சுழன்று, அங்கேதான் பலமாக மேலே உறிஞ்சும். எனவே முகட்டிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் குறைந்தது ஒன்று ஒன்றரை அடி உள்ளே தள்ளித்தான் பேனல் வர வேண்டும். இடம் மிச்சமிருக்கிறதே என்று இறவாணம் வரை அடுக்குவது ஆபத்து.

நம் வீட்டு அமைப்பு இந்த விஷயத்தில் கொஞ்சம் பாதகமானது. திண்ணை திறந்திருக்கிறது, நடுவில் முற்றம் திறந்திருக்கிறது. புயலடிக்கும்போது காற்று வீட்டுக்குள் புகுந்து ஓட்டை அடியிலிருந்து தள்ளும், அதே நேரம் மேலே போகிற காற்று உறிஞ்சும். இதைத் தெரிந்துதான் கடற்கரைப் பக்க ஊர்களில் ஓட்டின் மேல் கோடு கோடாகச் சாந்துப் பட்டை போட்டு வைக்கிறார்கள்.

சாய்வு கூட்ட வேண்டும் என்று பேனலைக் கூரையிலிருந்து தூக்கி நிறுத்துவதும் தேவையில்லை. சீமை ஓட்டுக் கூரையின் சாய்வே நமக்கு வேண்டியதைவிட அதிகம். தூக்கினால் காற்றுக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி ஆகும். சரிவுக்கு இணையாக, ஓட்டுக்கும் பேனலுக்கும் நடுவே நாலு அங்குலம் போல இடைவெளி விட்டு வைத்தால் போதும். அந்த இடைவெளி வேண்டியதுதான். பேனல் சூடேறினால் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும், அடியில் காற்றோடினால் சூடு தணியும்.

கொக்கி இறங்கும் இடம்

இப்போது வேலைக்கு வருவோம். சீமை ஓட்டுக் கூரையில் கொக்கி போடுவதற்கு எலக்ட்ரீஷியன் மட்டும் போதாது. ஓடு மாற்றத் தெரிந்த ஒருவரும் தச்சர் ஒருவரும் கூடவே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் முதல் நாள் அவர்கள் இரண்டு பேர் வேலைதான்.

கூரையில் ஏறுவதற்கே முறை இருக்கிறது. ஓட்டின் நடுவில் காலை வைத்தால் உடையும். ரீப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் மூடு பகுதியில்தான் பாரம் விழ வேண்டும். முகட்டில் மாட்டிய ஏணியோ, சாக்குச் சுற்றிய பலகையோ போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும்.

கொக்கி வரும் இடத்தில் மேல் வரிசையில் இரண்டு மூன்று ஓட்டைத் தள்ளிக் கழற்றினால் ரீப்பரும் அதற்கு அடியில் சட்டமும் தெரியும். கொக்கியின் அடித்தட்டு சட்டத்தில்தான் உட்கார வேண்டும், ரீப்பரில் அல்ல. ரீப்பர் ஒரு அங்குலக் கட்டை, ஓட்டைத் தாங்க மட்டும் போட்டது. சட்டத்தின் நடுக்கோட்டில் முதலில் சின்னதாக 5 மில்லிமீட்டர் அளவில் துளைத்துக்கொண்டு, பிறகு 8 மில்லிமீட்டர் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ இரண்டை இறக்க வேண்டும். முன்துளை இல்லாமல் பழைய தேக்கில் ஏற்றினால் மரம் நீளவாக்கில் வெடிக்கும். ஸ்க்ரூ மரத்துக்குள் இரண்டரை அங்குலமாவது போக வேண்டும். நல்ல மரத்தில் இப்படி இறங்கிய ஒரு ஸ்க்ரூ நூறு கிலோவுக்கு மேல் தாராளமாகத் தாங்கும். பேனலுக்கு நாலு கொக்கியின் பங்கு கிடைக்கிற மாதிரி ரெயிலை அமைத்தால் மேலே போட்ட காற்றுக் கணக்குக்கு ஈடாகிவிடும். ஓரத்துப் பேனலுக்கு ஒன்றிரண்டு கூடுதலாகப் போடுவது நல்லது.

பெரும்பாலும் சட்டம் இருக்கும் இடமும் ஓட்டின் பள்ளம் வரும் இடமும் ஒத்துவராது. அங்கேதான் அவசரக்காரர்கள் கொக்கியை ஓட்டின் மேட்டில் திணித்துவிட்டுப் போவார்கள். அப்படிச் செய்யாமல், இரண்டு சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை ஒன்றை இறுக்கி, கொக்கியை நகர்த்திக்கொள்ள வேண்டும். கொக்கியின் கை ஓட்டின் பள்ளமான பகுதிக்கு நேராக வெளியே வர வேண்டும். அதாவது, மேல் ஓட்டின் வாலுக்கும் கீழ் ஓட்டின் தலைக்கும் இடையே இருக்கும் மூடுக்குள் புகுந்து கீழ்நோக்கிச் சரிந்து வெளியே நீள வேண்டும். மேல்நோக்கிச் சரிந்தால் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வரும்.

கொக்கியின் கை 5, 6 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அப்படியே மேல் ஓட்டை வைத்தால் அது தூக்கிக்கொண்டு நிற்கும், சாரல் நேராக உள்ளே போகும். கொக்கி வரும் இடத்தில் மேல் ஓட்டின் அடிப்பக்க வரியைக் கிரைண்டரால் மெல்லத் தேய்த்துப் பள்ளம் எடுத்தால் ஓடு பழையபடி படிந்து உட்காரும். கீழ் ஓட்டின் தலைப்பக்கத்தில் ஒரு வரம்பு இருக்கிறதே, அதைக் கூடியவரை தொடக் கூடாது. காற்றில் ஏறிவரும் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது அதுதான். தொட்டே ஆகவேண்டுமென்றால், கொக்கிக்கு அடியில் அலுமினியத் தகடு ஒன்றை விரித்து, அதன் கீழ்விளிம்பைக் கீழ் ஓட்டின் மேல் படியவிட வேண்டும். ஸ்லேட் கூரையில் செய்வதும் இதுவே. தப்பி உள்ளே வந்த துளியும் தகட்டில் விழுந்து வெளியே போய்விடும்.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம்: கொக்கியின் கை கீழ் ஓட்டைத் தொடக் கூடாது. 5 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். வேலை முடிந்த அன்று தொட்டும் தொடாமலும் இருக்கும், பார்க்க அழகாக இருக்கும். காற்றில் பேனல் அழுத்தப்படும்போது கொக்கி வளைந்து ஓட்டை அமுக்கும். ஓடு சத்தமில்லாமல் வெடிக்கும். பேனலுக்கு அடியில் இருப்பதால் மழை உள்ளே வரும் வரை யாருக்கும் தெரியாது.

வயரை உள்ளே கொண்டுபோக ஓட்டில் துளை போடவே வேண்டாம். குழாய்க்குள் விட்டு இறவாணம் வழியாக இறக்கி, சுவர் வழியாக உள்ளே எடுங்கள். சுவரில் நுழைவதற்கு முன் வயர் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இடிதாங்கியும் எர்த்தும் தனித்தனியாகக் கட்டாயம் வேண்டும்.

கடலோரம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் உப்புக்காற்று சாதாரண இரும்பு போல்ட்டைச் சில வருடங்களில் தின்றுவிடும். அலுமினிய ரெயிலோடு இரும்பு போல்ட் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமெடுக்கும். கடலை ஒட்டிய வீடுகளுக்கு 316 வகை எஸ்.எஸ்., உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு 304 போதும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

துளையே இல்லாமல் ஒழுகும் கூரை

எல்லாம் சரியாகச் செய்தும் ஒழுகல் வருவதுண்டு. காரணம் கொக்கி இல்லை, தண்ணீரின் போக்கு மாறுவது. முன்பு கூரை முழுவதும் பரவி இறங்கிய மழை, இப்போது பேனலின் கண்ணாடியில் வழுக்கி, அதன் கீழ்விளிம்பில் ஒரே கோடாகக் கொட்டும். அந்த விளிம்புக்குக் கீழே இருக்கும் ஓடுகள் முன்பு பார்க்காத அளவு தண்ணீரைப் பார்க்கும். பேனல் இறவாணத்துக்கு ரொம்பக் கிட்டே இருந்தால் தண்ணீர் இறவாணத்துத் தகர வாய்க்காலைத் தாண்டிப் பாய்ந்து திண்ணையிலும் முற்றத்துத் தாழ்வாரத்திலும் விழும்.

முற்றத்து வீடுகளில் இரண்டு சரிவுகள் சந்திக்கும் கூடல்வாய் இருக்கிறது. கூரைத் தண்ணீரில் பெரும்பங்கு அந்த வழியாகத்தான் இறங்குகிறது. கூடல்வாயின் மேல் பேனல் மறைக்கவே கூடாது, கை போட்டுத் தள்ளும்படி இரண்டு பக்கமும் இடம் வேண்டும். வேப்பிலை, தென்னம்பாளை, பூவரசு இலை எல்லாம் பேனலுக்கு அடியில் போய்ச் சேரும். அணில் கூடு கட்டும். குப்பை அணை மாதிரி நின்றால் தண்ணீர் தேங்கி, ஓட்டின் மூடு உயரத்தைத் தாண்டி உள்ளே வழியும். பேனல் வரிசையின் மேல்பக்கமும் இரண்டு ஓரமும் கம்பிவலை அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். கீழ்ப்பக்கம் குப்பை வெளியேறத் திறந்திருக்கட்டும்.

நாட்டு ஓட்டு வீடும் மெத்தை வீடும்

நாட்டு ஓட்டு வீட்டுக்காரர்கள் கொல்லையைப் பார்க்கலாம். டெல்டா வீடுகளுக்கு நீளமான கொல்லை இருக்கிறது. தென்னை நிழல் படாத இடத்தில் இரும்புத் தூண் ஊன்றி, கான்கிரீட் அடித்தளம் போட்டு, மேலே பேனல் வைத்தால் கீழே மாட்டுக் கொட்டகையாகவோ வண்டி நிறுத்தவோ ஆகும். கூரையைத் தொடவே வேண்டாம். வயல்மண் களி, கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். தூணின் அடித்தளம் அந்த வெடிப்பு எட்டாத ஆழத்துக்குப் போக வேண்டும். செலவு கூடத்தான் செய்யும், இருந்தாலும் 25 வருடத்துக்கு நிம்மதி.

பழைய மெத்தை வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையும் தட்டோடும் போட்ட தளம் இருக்கும். அதில் துளைப்பது ஓட்டில் துளைப்பதைவிட மோசம். உள்ளே போன தண்ணீர் காரைக்குள் ஊறி நிற்கும், எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கான்கிரீட் கட்டைகளை அடுக்கிப் பாரத்தால் நிறுத்துவதும் நூறு வருடத்துச் சட்டத்துக்குச் சுமை. கைப்பிடிச் சுவருக்கு அடியில் இருக்கும் பாரம் தாங்கும் சுவர்களிலிருந்து இரும்பு உத்திரம் போட்டு, தளத்தைத் தொடாமல் மேலே நிறுத்துவதே சரி. புதுக் கான்கிரீட் மாடிகளில் கதை சுலபம். தட்டோட்டைத் துளைக்காமல், தளத்தின் மேல் சிமெண்ட் பீடம் கட்டி அதில் கால்களைப் பதித்தால் முடிந்தது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

பி.எம். சூர்ய கர் திட்டத்தில் பொருத்துகிற நிறுவனம் ஐந்து வருடம் பராமரிப்புத் தர வேண்டும். பேனலும் இன்வெர்ட்டரும் ஓடுகிறதா என்பதை மட்டும் பார்ப்பதுதான் பராமரிப்பு என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எத்தனை கொக்கி, என்ன வகை எஸ்.எஸ்., கொக்கி சட்டத்தில் பொருந்துகிறதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய ஓடுகளைத் திரும்ப வைப்பதற்கு முன்பு ஒவ்வொரு கொக்கியையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிற்பாடு வாய்ச்சண்டைக்கு இடமிருக்காது.

வேலைக்கு நல்ல காலம் மாசியிலிருந்து வைகாசி வரை. டெல்டாவின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. புரட்டாசியில் அவசர அவசரமாக ஏற்றினால் சோதித்துப் பார்க்க நேரமிருக்காது. கோடையில் முடித்துவிட்டால் ஆடிக்காற்றும் இடையில் வரும் இரண்டு மூன்று இடிமழையும் கூரையைச் சோதித்துக் கொடுத்துவிடும். மழை வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் ஹோஸ் போட்டுப் பார்க்கலாம். கீழ் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொரு வரிசையாக மேலே ஏற வேண்டும், ஒருவர் உள்ளே டார்ச்சோடு நின்று ரீப்பரைப் பார்க்க வேண்டும். எந்த வரிசைக்கு வந்தபோது ஈரம் தெரிகிறதோ கோளாறு அங்கேதான். மேலிருந்து ஊற்றினால் கண்டுபிடிக்கவே முடியாது.

வேலை தொடங்குவதற்கு முன்பே மாற்று ஓடு சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு தொழிற்சாலை அச்சுக்கும் வரிப்பள்ளத்தின் அளவு கொஞ்சம் மாறும், வேறு அச்சு ஓடு பக்கத்து ஓட்டோடு கோத்து உட்காராது. பழைய தொழிற்சாலைகள் பல மூடிவிட்டன. ஓட்டின் அடியில் பொறித்திருக்கும் பெயரைப் பார்த்து, அதே அச்சு ஓட்டை வீடு இடிக்கும் இடங்களில் தேடி ஒரு முப்பது நாற்பதாவது வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைத்தால், பேனலுக்கு அடியில் ஓடு உடைந்த நாளில் கைகொடுக்கும். அந்த நாளை நினைத்தே பேனல்களை இரண்டு வரிசைக்கு மேல் சேர்த்து அடுக்காமல், நடுவே ஒரு ஆள் ஏறிப்போக வழி விட்டு, ஒவ்வொரு வரிசையையும் தனியாகக் கழற்றுகிற மாதிரி ரெயில் போடச் சொல்லுங்கள்.